மூன்று வெண்கீற்றுப் பொய்யிரை

பற்றிய வினையின் முள்ளைப் பையவே கழற்றி எம்மைச்
சுற்றிய வலையை நீக்கித் துறையிலே சேர்க்கும் ஐயன்
வெற்றியும் தோல்வி தானும் விதித்தருள் புரியும் கோமான்
பொற்றிரு அடியே எங்கள் புகலிடம் ஆகும் அன்றே.

ஆனித் திங்கள் வளர்பிறைத் திரயோதசித் திதியில், ஆலயங்களிலே பிரதோஷ மணி ஒலிக்கும் மாலை வேளையில், என் அன்புத் தம்பியார் கனடாவின் ரூஜ் பகுதியிலுள்ள தம் இல்லத்தில் மனைவியும் மகளும் அருகிருக்கச் சிவபதம் எய்தினார். அன்னாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவுறும் இந்நன்னாளில் இந்நினைவு மலரைக் கையிலேந்தும் உற்றார்க்கும் நண்பர்க்கும் தமக்கையாகிய நான் சில சொற்கள் எழுதக் கடமைப்பட்டுள்ளேன். துயரத்தை எழுதவே அமர்ந்தேன். எழுத எழுத என் உள்ளத்தில் மேலோங்கி நிற்பது ஆறுதலே. அதன் காரணத்தை நீங்களும் அறிய வேண்டும்.

தம்பியார் மட்டக்களப்பு வாவியின் கரையிலே எம் பெற்றோர்க்குக் கடைக்குட்டியாகப் பிறந்தார். நீரை அடுத்து வாழ்ந்தும் வலையைத் தொட்டறியாத சைவ உணவுக் குடும்பம் எங்களுடையது. போர் மூண்ட காலத்தில் கல்வியைப் பாதியிலே விட்டுக் கனடாவை அடைந்தார். சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் குடியிருப்பொன்றில் பலரோடு நெருங்கிப் படுத்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, பின்னர் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் போர்க்லிஃப்ற் என்னும் பாரந்தூக்கி வண்டியின் ஓட்டுநராக நிலைபெற்றார். மணம் முடித்தார், ஒரு பெண் மகவைப் பெற்றார், கணவரை இழந்து தனித்திருந்த என்னையும் அழைப்பித்துத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். பாரம் தூக்குமுன் சங்கிலியை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பவர் என்று உடன் வேலை செய்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டிலும் அப்படியே. கதவைப் பூட்டியபின் மீண்டும் இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் காரில் ஏறியதில்லை.

இத்தகையவரைத் தூண்டில் பிடிக்க வைத்தவர் அதே பண்டகசாலையில் வேலை செய்த சூசை. மன்னார்க் கடலோரத்துக் கத்தோலிக்கர். வாய் நிறையக் கேலி, மனம் நிறைய அன்பு. முதன்முதல் ஸ்கூகொக் ஏரிக்குப் போன நாளில் நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"அண்ணை, உந்தப் புழுவை முள்ளில கொழுவுங்கோ."

"புழுவா? நான் மாட்டன். அது உயிரோட நெளியுது."

"அப்ப வரப்போற மீன் என்ன, மரக்கறியே?"

உயிருள்ள இரையைக் குத்த மனமில்லாத காரணத்தாலேயே தம்பியார் மரத்தாலும் இறப்பராலும் செய்த பொய்யிரைகளின் பக்கம் திரும்பினார். லூர் என்று கடைகளில் விற்பவை இவையே. அவற்றைக் கொண்டு அவர் நாடியது மஸ்கி என்னும் நன்னீர் மீனை. சிறுபிள்ளை ஒன்றின் உயரத்துக்கு வளர்வது. வாயெல்லாம் ஊசிப் பற்கள். பொய்யிரையின் பின்னே படகு வரையில் வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் செருக்குடையது. ஒரு பருவம் முழுவதும் எறிந்தும் ஒன்றும் அகப்படாமல் திரும்பியவர் பலர்.

நான் தூண்டிலை அறியேன். அறிந்ததெல்லாம் வீட்டின் நிலக்கீழ் அறையில், என் பூசை அறைக்கு அடுத்த மேசையில், அவர் பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு சொல்லக் கேட்டவையே. தெளிந்த நீருக்கு மீனின் இயல்பான நிறம். கலங்கிய நீருக்கும் மாலை மங்கலுக்கும் கருமை, ஏனெனில் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் மஸ்கிக்கு வானத்தின் முன்னே கருநிழல்தான் துலக்கமாய்த் தெரியும். கோடையில் விரைந்து சுழலும் தகடு. குளிர் ஏறும் ஐப்பசியிலே பெரிதாய், மெதுவாய் அசையும் மரமீன். நாளடைவில் மரமீன்களைத் தாமே செதுக்கவும் தொடங்கினார். செதுக்கிக் கறுப்புப் பூசியபின் ஒவ்வொன்றின் நெற்றியிலும் மூன்று வெண்கீறு இடுவார்.

"திருநீற்றைத் தூண்டிலில பூசலாமாடா?" என்று கேட்டேன். அக்கா என்பதைக் 'கா' என்றே அவர் சுருக்கி அழைப்பார்.

"இது வெள்ளைப் பெயின்ற் கா. எறிஞ்சா எங்க கிடக்கு எண்டு எனக்குத் தெரிய வேணும்."

மரத்தில்தான் செய்வார். அறுந்து போனாலும் மிதக்கும். ஏரியின் அடியில் முள்ளாய்க் கிடந்து எவ்வுயிரையும் குத்தாது என்பது அவர் கணக்கு. முள்ளின் நுனியருகே பின்னோக்கிச் சீவிய சிறுகூர் ஒன்று உண்டு. குத்திய முள் கழலாமல் பிடிப்பது அதுவே. கடையில் வாங்கிய முள் ஒவ்வொன்றிலும் அக்கூரைக் குறட்டால் நசித்துத் தட்டையாக்கிய பின்னரே பூட்டுவார். மஸ்கியின் பல் அறுக்காதபடி நூலின் முனையில் உருக்குக் கம்பி. அதற்கு மேலே சப்பாத்துக் கயிறு போன்ற தடித்த பின்னல் நூல். மெல்லிய நூலிலே மீனை நெடுநேரம் இழுத்து விளையாடுவதைச் சிலர் வீரம் என்பர். தம்பியாரோ அதைப் பாவம் என்றார். களைத்த மீன் நீந்திப் போவதுபோல் போய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறந்துவிடுமாம். தடித்த நூலானால் போராட்டம் குறுகும். நீரைவிட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி அனுப்பிவிடலாம். பிடித்த மஸ்கி ஒன்றையேனும் அவர் கரைக்குக் கொண்டுவந்ததில்லை.

"பிடிச்சு விடுறதுக்கு ஏன்டா பிடிக்கிறாய்?" என்று ஒருநாள் கடிந்தேன்.

"பார்க்கத்தான் கா. நீங்க கோயிலுக்குப் போனா சாமியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டா வாறீங்க?"

நான் விளக்கின் திரியைத் தூண்டினேன்.

நோய் வந்தது. அதன் பெயரை நீங்கள் அறிவீர்கள். மருந்து ஏற ஏற அவர் விரல்கள் மரத்துப் போயின. சென்ற ஐப்பசியில், பிள்ளைகள் வேடமிட்டுத் திரியும் ஹலோவீன் நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஒரேயொரு முறை ஏரியைப் பார்த்துவர வேண்டும் என்றார். வைத்தியரும் இசைந்தார். தடித்த தூண்டில் தடியை அவரால் பிடிக்க முடியவில்லை. ஆகவே சிறுமீனுக்கென்று வைத்திருந்த மெல்லிய தடியையும் மெல்லிய நூலையும் எடுத்து, உருக்குக் கம்பியைக் கட்டி, வெண்கீறு இட்ட மரமீனைப் பூட்டினார். பெட்டியில் அதைவிடச் சிறியவை இருந்தன. அவற்றைத் தொடவில்லை.

சூசை பார்த்துவிட்டார். "அண்ணை, உந்த நூலோட மரமீனை எறியாதேங்கோ. அறுத்துக்கொண்டு போகும்."

"இண்டைக்கு ஒண்டும் வராது, தம்பி. சும்மா எறிஞ்சு பார்க்கத்தான்."

வந்தது. படகின் அருகே நீர் பிளந்தது. தடி வில்லாய் வளைந்தது. மரத்த விரல்கள் நூல் சுற்றும் றீலை இறுக்கவோ இளக்கவோ அறியாமல் தடுமாறின. நூல் அறுந்தது. வாயில் மரமீனோடு அம்மஸ்கி ஆழத்துக்குப் போயிற்று. இருள் கவியும் வரை இருவரும் அந்நீர்ப்பரப்பைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். வெண்கீறு தென்படவில்லை.

அன்று தொட்டு அவர் தம் நோயைப் பற்றிப் பேசியது குறைவு. மருந்தின் கொடுமையால் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சியும் இறங்காத மார்கழி நாளொன்றில், கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"அதுவும் இப்பிடித்தானே கா கிடக்கும், வாயைத் திறக்க ஏலாம? மேல்வாயும் கீழ்வாயும் சேர்த்துத் தைச்சுப்போட்டு வந்திட்டன்."

"முள்ளை நசிச்சுத்தானே வைச்சிருந்தாய்? கழண்டிருக்கும்."

"கழண்டிருந்தா மிதந்திருக்கும். சூசை ரெண்டு தரம் போய்ப் பார்த்திட்டான்."

அவர் மகள் கனடாவிலே பிறந்தவள்; தந்தையைத் தேற்றப் பெரிதும் முயன்றாள். "அப்பா, அது பிக் ஃபிஷ், ஸ்ட்ரோங்கா இருக்கும். ஓவர்திங்க் பண்ணாதீங்க, பிளீஸ்." அவர் அவள் தலையைத் தடவினார். ஏரி உறைந்தது. பனிக்கட்டியின் அடியில் ஓர் உயிர் தம் பொருட்டுப் பசித்துக் கிடப்பதாக அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். போகும் முன் அறிய வேண்டியது அது ஒன்றே என்று மனைவியிடம் கூறியிருக்கிறார். அவ்வம்மையார் அதை என்னிடம் சொல்லி அழுதார். நானும் பூசை அறையில் நின்று, உடல்நலம் வேண்டுமென்று கேட்பதை நிறுத்தி, அந்த மீனுக்காகவே வேண்டினேன். இறைவன் அதைப் பிழையாகக் கொண்டிருக்க மாட்டான்.

வைகாசி பிறந்தது. மஸ்கிப் பருவம் தொடங்குமுன் சூசையின் படகு இயந்திரம் பழுதுபட்டது. வாடகைப் படகு கேட்க அவர் ஏரியின் மறுகரைக்குப் போனார். அங்கிருந்து தொலைபேசி வந்தது. மகள் அதை எல்லோரும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"அண்ணை! இஞ்ச படகு வாடகைக்கு விடுற கிழவன்ர கொட்டிலுக்குள்ள ஒண்டு ஆணியில தொங்குது. கறுப்பு. நெத்தியில மூண்டு பட்டை. உங்கட திருநீறு, அண்ணை! கம்பியும் கிடக்கு, உந்த நாசமாப் போன நூலும் கிடக்கு."

வீடே மகிழ்ந்தது. தம்பியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சங்கிலியை இருமுறை பார்ப்பவர் அல்லவா?

"மீன் செத்து அழுகினாலும் லூர் கழண்டு மிதக்கும், சூசை. எப்ப எடுத்தவராம்? பனி கரைஞ்ச பிறகா, முந்தியா?"

தொலைபேசியில் காற்றொலி மட்டும் கேட்டது. சூசை அந்தப் பெரியவரிடம் ஏதோ ஆங்கிலத்தில் கேட்பதும், அவர் நீளமாய் விடை சொல்வதும் தூரத்தில் ஒலித்தன. மகள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அண்ணை, பனிக்கு முந்தியாம். படகு கட்டுற டொக்கைக் கழட்டிக் கரையேத்தின அண்டைக்காம். ஹலோவீன் நாள்தானாம். பேரப்பிள்ளையள் வேசம் போட்டுக்கொண்டு தண்ணிக்கரையில நிண்டவையாம், அதுகள்தான் புல்லுக்குள்ள கண்டதாம். ஆரும் தேடி வருவினம் எண்டு கொழுவி வைச்சவராம்."

"ஹலோவீனா? நாங்க போன அதே கிழமைக்குள்ளயா?"

"அதே கிழமை. ஒரு முள்ளு நிமிர்ந்து கிடக்கு. மற்றதெல்லாம் நீங்கள் நசிச்ச முள்ளுத்தான், ஒரு சேதமும் இல்லை. உதறி எறிஞ்சுபோட்டுப் போட்டுது, அண்ணை, உங்கட மரக்கறி மீன்!"

தம்பியார் என் பக்கம் திரும்பினார். "அந்தக் குளிர்த் தண்ணியில ஒரு கிழமைக்குள்ள ஒண்டும் அழுகாது கா," என்றார். "உயிரோடதான் கழட்டியிருக்கு." அவர் அழுதாரா சிரித்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, பசிக்கிறது என்றார். தம்பியின் மனைவியார் ஓடிப்போய்ப் பாற்கஞ்சி கொண்டுவந்தார். கிண்ணம் வெறுமையாயிற்று. அன்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாய் உறங்கினோம்.

சூசை மரமீனைக் கொண்டுவந்து படுக்கையில் வைத்தார். தம்பியார் குறட்டைக் கேட்டு வாங்கினார். விரல்கள் வசப்படாமையால் அதைச் சூசையிடமே கொடுத்து, முட்களை எல்லாம் கழற்றச் சொன்னார். அந்த மெல்லிய நூலை றீலிலிருந்து உருவி வெட்டச் சொன்னார். "இந்த நூலை ஒருத்தருக்கும் குடுக்காத. என்னை மாதிரி ஒருத்தன் எடுத்துப் பூட்டுவான்." தடித்த தடிகளும் பெட்டியும் சூசைக்கு என்றார். முள்ளில்லா மரமீனைத் தமக்கென்று வைத்திருப்பார் என எண்ணினேன்.

"அது தொங்கின ஆணியிலயே கொண்டுபோய்க் கொழுவிவிடு," என்றார். "தேடி வந்தவன் கண்டிட்டான் எண்டு அந்த மனிசனுக்குச் சொல்லு."

அதன்பின் அவர் தம்மைப் பற்றி எதற்கும் அஞ்சவில்லை. ஆனியில், நான் மேலே குறித்த மாலையில், நான் பதிகம் ஓதி முடிக்கும் வரை கேட்டிருந்து, எவ்விதப் போராட்டமும் இன்றி மூச்சடங்கினார். அவர் எம் கையைவிட்டுப் போன விதத்தை நினைக்கும்போது, நீரைவிட்டு வெளியே எடுக்காமல் மீனைக் கழற்றிவிடும் அவர் கைகளே என் நினைவுக்கு வருகின்றன.

நோயுற்ற காலத்தில் இல்லம் தேடி வந்து பணிவிடை செய்த தாதியர்க்கும், வைத்தியர்க்கும், கிரியைகளை முறைப்படி நடத்திய சிவாசாரியார்க்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் உணவு கொண்டுவந்த ரூஜ் அயலவர்க்கும், தோள் கொடுத்த பிறம்ரன் தொழில் நண்பர்க்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது. உடன்பிறவாத் தம்பியாகிய சூசைக்கு நன்றி சொன்னால் அவர் கேலி செய்வார், ஆயினும் சொல்கிறேன். தமக்குப் பயன்படாத ஒரு பொருளை, யாரோ தேடி வருவார் என்று நம்பி, குளிர்காலம் முழுவதும் ஆணியில் காத்துவைத்த அந்த ஏரிக்கரைப் பெரியவர்க்கும், புல்லுக்குள் அதைக் கண்டெடுத்த வேடமிட்ட குழந்தைகட்கும் எம் தலை தாழ்ந்த வணக்கம். அம்மரமீன் இப்போது அங்கேதான் தொங்குகிறது.

இதனைப் படிக்கும் ஒவ்வொருவரும் நீடு வாழ்க. உங்கள் உள்ளத்தில் எந்த முள் தைத்திருப்பினும் அது உயிருக்கு ஊறின்றிக் கழன்று கரையொதுங்குக. அதைக் கண்டெடுத்து உங்களுக்குச் சொல்ல ஒருவர் வாய்ப்பாராக. திருவருள் துணை நிற்க.