ராஜாங்கத்தின் மகள் பார்த்த ஏரி

வளர்மதி ஜெர்மனியில் இறங்கியது ஒரு சனிக்கிழமை. கோட்புஸ் என்ற அந்த நகரத்து மாணவர் விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் கடைகள் மூடும் நேரமாகிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், வழியெல்லாம் பூட்டிய கதவுகள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை திறப்பதில்லை என்பது அவளுக்கு யாரும் சொல்லாத சேதி. அம்மா அமிர்தம் கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் பெட்டியில் இருந்தது, ஆனால் பிசைந்து சாப்பிடச் சோறு இல்லை. விமானத்தில் கொடுத்த ரொட்டித் துண்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதில் புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தெருவில் ஒரு மனிதரும் இல்லை. நெய்வேலியில் அவர்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இருபத்தோராவது பிளாக்கும் அமைதியான இடம்தான். ஆனாலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் வண்டிச் சத்தமாவது கேட்கும். இங்கே நாள் முழுதும் ஒரே மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்யப் போனாள். வரிசை எண்ணை வாங்கிக்கொண்டு காத்திருந்தபோது கதவைத் திறந்து ஒரு பெண்மணி "ஃபிராவ் ராஜாங்கம்" என்று கூப்பிட்டார். வளர்மதி திரும்பிப் பார்த்தாள், அப்பா எங்கிருந்தோ வந்து நிற்கிற மாதிரி. பிறகுதான் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அந்த ஊரில் இனி அவள் திருமதி ராஜாங்கம். விடுதிக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும், அது இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனாள். மறுபடியும் அதே பெயர். அன்று திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனாள்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது அமிர்தம் வெகுநேரம் சிரித்தாள். "கட்டிகினு வந்து முப்பது வருசமாச்சு, நானே அந்தப் பேர வாயால சொன்னதில்ல. உன்ன அங்க ஊரே சொல்லிக் கூப்புடுதா?"

புதன்கிழமை வகுப்பு தொடங்கியது. சுரங்கம் தோண்டிய நிலத்தை என்ன செய்வது என்பதுதான் படிப்பு. பதினெட்டுப் பேர், ஒவ்வொருவரும் எழுந்து எந்த ஊர் என்று சொன்னார்கள். தன் முறை வந்தபோது வளர்மதி, சென்னைக்குப் பக்கம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நெய்வேலி என்றால் யாருக்குத் தெரியும், எதற்கு விளக்கிக்கொண்டு நிற்பது என்றுதான் நினைத்தாள். உட்கார்ந்த பிறகு அது சரியாகப்படவில்லை. அன்று முழுவதும் எதையோ ஒளித்து வைத்தவள் போலவே திரிந்தாள்.

ராஜாங்கத்தின் ஊரும் நிலமும் வளர்மதி பிறப்பதற்கு முன்பே சுரங்கத்துக்குள் போயிருந்தன. அவர் பத்து வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்து, பிறகு பெர்மனன்ட் ஆனார். வேலை பம்ப்பில். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது, அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். நைட் ஷிப்ட்டில் கண் அசந்திருந்தாலும், பம்ப்பு ஓடுகிற சத்தம் நின்றால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். மகள் சிவில் படித்ததும், வெளிநாட்டுக்கு விண்ணப்பித்ததும், அவர் கொண்டுவந்த கதைகளால்தான். ஆனால் அதை அவள் அவரிடம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் ஹென்னிங் எல்லோரையும் பஸ்ஸில் ஊருக்கு வெளியே அழைத்துப் போனார். பார்வையாளர்களுக்காகக் கட்டிய ஒரு கோபுரத்தில் ஏறி நின்றார்கள். கீழே ஏரி, மறுகரை மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பெரியது. இது பழுப்பு நிலக்கரிச் சுரங்கமாக இருந்தது, கரி தீர்ந்ததும் பம்ப்புகளை நிறுத்தி ஆற்றுத் தண்ணீரையும் திருப்பிவிட்டோம் என்றார் பேராசிரியர்.

வளர்மதி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பம்ப்புகளை நிறுத்தினோம் என்பதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் அதைவிடப் பயங்கரமான பேச்சு கிடையாது.

வேலை நடக்கிற சுரங்கத்தில் பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று பேராசிரியர் மாணவர்களைக் கேட்டார். ஒருவன் பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கசியும் என்றான். வளர்மதி கையைத் தூக்கினாள். சில இடங்களில் பக்கத்திலிருந்து வராது, கீழிருந்து தரையையே தூக்கிக்கொண்டு வரும் என்றாள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அப்போதுதான் அவள் சொன்னாள்: தன் ஊர் சென்னைப் பக்கம் இல்லை, நெய்வேலி. அப்பா பம்ப் ஆபரேட்டர். தங்கள் பழைய ஊர் இப்போது ஒரு சுரங்கத்தின் உள்ளே இருக்கிறது. ஆங்கிலம் தடுக்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

இறங்கும்போது யோனாஸ் என்ற உள்ளூர் மாணவன் அவளோடு நடந்தான். அவன் அம்மா பிறந்த ஊரும் இப்படித்தான், இந்த ஏரி இருக்கும் குழிக்குள் போனதாம். வருஷத்தில் ஒரு நாள் அந்த ஊர்க்காரர்கள் வேறொரு ஊர் மண்டபத்தில் கூடுவார்களாம். அம்மாவுக்கு இந்த ஏரி பிடிக்குமா என்று வளர்மதி கேட்டாள். அம்மா இதுவரை இதைப் பார்க்க வரவில்லை என்றான் அவன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை ராஜாங்கத்துக்கு வார ஓய்வு. வளர்மதி வீடியோ காலில் ஏரியின் படங்களைக் காட்டினாள். அவர் போனை முகத்தருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லா பம்ப்பையும் நிறுத்திட்டாங்களா?"

"ஆமாம்பா. இந்தக் குழியில கரி தீந்துபோச்சு."

அந்த பம்ப்புகளில் வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"அந்தத் தண்ணிய மாடு குடிக்குமா? மீனு இருக்குதா?"

கோபுரத்தில் நின்ற அத்தனை பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய், அப்பா கேட்டதாகவே சொல்லிக் கேட்டாள். ஹென்னிங் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார். மீன் இருக்கிறது, ஆனால் பழைய மண்ணிலிருந்து இரும்பும் கந்தகமும் கரைந்து வருகின்றன, தண்ணீர் எந்த அளவு நன்றாக இருக்கிறது என்பதைத்தான் தன் குழு மாதாமாதம் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது என்றார். அந்தக் குழுவில் ஓர் ஆள் குறைகிறது, நவம்பரிலிருந்து வருகிறாயா என்று கேட்டார். ஜெர்மன் மொழி இன்னும் வராது என்றாள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்க மொழி வேண்டாம் என்றார் அவர்.

அன்று மதியமே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். வாழ்த்துச் சொல்வார், பெருமைப்படுவார் என்று காத்திருந்தாள். ராஜாங்கம், கரையில் நின்று தண்ணீர் எடுக்க வேண்டுமா, படகில் போயா என்று விசாரித்தார். இரண்டும்தான் என்றாள்.

"வெட்டுன மண்ண கொட்டி வச்ச ஓரமா நிக்காத. எத்தினி வருசமானாலும் அது சரியும். கூட இருக்குற புள்ளைங்களுக்கும் சொல்லு."

சரிப்பா என்றாள்.