கனத்த தண்டும் லேசான தண்டும்

நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது, தினமும் நடக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை நான் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைத்தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்தவன். வேலைக்காலம் முழுக்க மெஷின்களுக்கு நடுவே நின்றே கழித்தேன், நடப்பதற்கென்று நடந்ததில்லை. பண்டாரவளையில் எங்கள் வீட்டு வாசலை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான். அதனால் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் கிளப்பின் கோல்ஃப் மைதானத்துக்குப் போகத் தொடங்கினேன். முன்பு துரைமார் மட்டுமே விளையாடிய இடம். இப்போது ஆள் குறைந்துவிட்டதால், சந்தா கட்டுகிற யாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வெறுமனே நடந்தால் அலுப்புத் தட்டும் என்று பழைய மட்டைகள் சிலவற்றை வாங்கினேன்.

துணைக்கு என் மனைவி வந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் வழியில் விழுந்துவிட்டால் பார்த்துக்கொள்ளத்தான் வந்தாள், விளையாட வரவில்லை. ஒருநாள் என் பந்து தேயிலைச் செடிகளுக்குக் கீழே சரிவில் நின்றது. குழி இருக்கும் வெட்டிய புல்தரைக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த மாதிரி இடத்தில் பந்தைத் தூக்கிப் போடுவதற்கென்று இருக்கும் குட்டை மட்டைக்கு வெட்ஜ் என்று பெயர். நான் இரண்டு தரம் அடித்தும் பந்து சரிவிலேயே உருண்டு திரும்பி வந்தது. "நான் ஒருக்கா அடிச்சுப் பாக்கவாங்க?" என்று கேட்டாள். அவள் அடித்த பந்து மேலே ஏறி, புல்தரையில் விழுந்து, அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு அவள் வெறும் துணையாக வரவில்லை.

அவளுக்கென்று இரண்டு வெட்ஜ் மட்டைகள் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். மட்டையின் தலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்டில்தான் வித்தியாசம். என்னுடையவை இரும்புத் தண்டு, கனம். அவளுக்குக் கரிநார்த் தண்டு வாங்கினேன். கிராஃபைட் என்பார்கள். பாதி கனம்கூட இருக்காது. பெண்பிள்ளைக்கு லேசாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை.

லேசான தண்டை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அடுத்தது தரையோடு ஓடும். நன்றாகப் பட்டால் தேவைக்கு மேல் உயரும். ஆடி மாதம் பிறந்திருந்தது. எங்கள் ஊவா மாகாணத்தில் அந்த மாதங்களில் அடிக்கும் வறண்ட காற்றில்தான் தேயிலைக்கு வாசம் ஏறும். ஃபேக்டரியில் அந்தக் காற்றுக்காகக் காத்திருப்போம். மைதானத்தில் அதே காற்று அவள் பந்தைத் தூக்கித் தேயிலைக்குள் போட்டது. பழகினால் சரியாகிவிடும் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"கையில ஒண்ணும் இருக்கிற மாதிரியே தெரியலைங்க. மட்டை எங்க இருக்குன்னு தேடித் தேடி அடிக்க வேண்டியிருக்கு," என்றாள்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு என் பிரச்சினை வந்திருந்தது. காற்றில் தரை காய்ந்து இறுகிப்போயிருந்ததால், மட்டை தரையில் படும்போதெல்லாம் அதிர்வு இரும்புத் தண்டு வழியாக நேரே முழங்கைக்கு ஏறியது. வலியை மறைத்து விளையாடினேன். ஒரு காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாமல் கீழே வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். அன்றே பதுளைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவளோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து டாக்டர் முழங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "கையைக் கொஞ்ச நாளைக்குச் சும்மா விடுங்கோ. பிறகு விளையாடுறதெண்டா பாரம் குறைஞ்ச மட்டையாப் பாருங்கோ," என்றார்.

நான் சும்மா இருந்த நாட்களில் அவள் என் இரும்பு வெட்ஜை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது நீளம், அதனால் பிடியைக் கீழே தள்ளிப் பிடித்தாள். நான் கைகட்டி நின்று பார்த்தேன். அவள் கை வீச்சு மெதுவானது. பின்னால் போய், ஒரு கணம் நின்று, இறங்கும். கனத்த தண்டு அந்த வீச்சோடு தானாக இறங்கியது. லேசான தண்டை மணிக்கட்டுத்தான் அவசரப்படுத்தி இழுத்திருக்கிறது. இப்போது பந்து தாழ்வாகப் போனது. காற்று அதை அசைக்கவில்லை. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது.

அவளுக்குப் பொருந்தும் தண்டைப் பார்க்க, இரண்டு பேரின் வெட்ஜ்களையும் எடுத்துக்கொண்டு ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். கடைக்காரர் அவளைப் பார்த்த உடனே கரிநார்த் தண்டைத்தான் எடுத்து நீட்டினார். "மேடமுக்கு இதுதான் சரி," என்றார். நான் நினைத்ததும் அதையேதான்.

"கனமானதும் நடுத்தரமானதும் குடுங்க. அடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் அவள்.

கடையில் அடித்துப் பார்க்கக் கட்டியிருந்த வலைக்குள் மாற்றி மாற்றி அடித்தாள். மிகக் கனமானதில் பத்துப் பதினைந்து அடிக்குமேல் தோள் சோர்வதாகச் சொன்னாள். நடுத்தர இரும்புத் தண்டையே எடுத்தாள். அவள் உயரத்துக்கு வெட்டினால் மட்டையின் தலை கைக்குக் கனம் குறைந்த மாதிரி இருக்கும், தண்டும் கொஞ்சம் விறைக்கும் என்றார் கடைக்காரர். அதனால் கூடுதலாக வளைந்துகொடுக்கும் தண்டாகப் பார்த்து வெட்டி, தலையில் சிறு ஈயப்பட்டை ஒட்டிக் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது நான். அவளுக்கு வாங்கிய கரிநார்த் தண்டுகளை என் மட்டைத் தலைகளில் பொருத்தலாம் என்றாள். வேண்டாம் என்றேன். கிளப்பில் அந்தத் தண்டை வைத்திருப்பவர்கள் எல்லாம் என்னைவிட மூத்தவர்கள். கடைக்காரர் முன்னால் அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. அவள் என்னைத் தனியே வாசலுக்கு அழைத்துப்போனாள்.

"வலிக்குதுன்னா வலிக்குதுங்க. நெஞ்சு வலியையும் இப்படித்தான் மூணு நாள் சொல்லாம வச்சிருந்தீங்க."

அவள் குரல் உயரவில்லை. வார்டில் நோயாளிகளிடம் பேசுகிற குரல் அது. அந்த மூன்று நாட்களைப் பற்றி அவள் அதுவரை பேசியதே இல்லை. நான் உள்ளே போய், கரிநார்த் தண்டுகளை என் உயரத்துக்குச் சிறு குழாய் செருகி நீட்டிப் பொருத்தச் சொன்னேன்.

முழங்கை வலி முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் கோப்பையைத் தூக்க முடிகிறது. காற்று மாதங்களில் என் பந்து உயர்ந்து ஒதுங்குகிறது என்பதால், வெட்ஜை வைத்துவிட்டு வேறு மட்டையால் உருட்டி அடிக்கப் பழகிக்கொண்டேன். ஐப்பசி மழையில் தரை இளகிய பிறகு ஒன்பது குழியும் விளையாடினோம். என்னைவிட இரண்டு தரம் குறைவாக அடித்து முடித்து அவளே ஜெயித்தாள். கிளப் வராந்தாவில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிச் சேற்றைச் சுரண்டியபோது, நான் ஒருதரம் வீசிப் பார்க்க அவள் மட்டையைத் தரச்சொல்லிக் கேட்டேன். உங்கள் கைக்கு ஆகாது என்று சொல்லி, துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.