கழுவிய கற்கள்

பலெர்மோவின் லிபெர்த்தா பகுதி. அண்மையில் இறந்துபோன பேராசிரியர் ஒருவரின் சமையலறையில் நிற்கிறேன். கிரீன்லாந்துக் கடற்கரையில் ஆதி வேட்டைக்காரர்கள் தங்கிய முகாமொன்றை அவர் இளமையில் அகழ்ந்தவர். அங்கே கிடைத்த கல்லாயுதங்களை ஆராயவே நோர்வேயிலிருந்து வந்திருக்கிறேன். முகாம் இருந்த கரையைக் கடல் அரித்துவிட்டது. மிஞ்சியவை இந்தக் கற்கள்தான்.

அவை ஒரு பழக்கூடையில் பளபளவென்று குவிந்து கிடக்கின்றன. எந்தக் கல் முகாமின் எந்த அடுப்பருகே கிடந்தது என்று அவர் எழுதிவைத்த பைகளைக் காணவில்லை.

வீட்டு வேலை பார்க்கும் மன்னார்ப் பெண்ணிடம் கேட்கிறேன்.

"பையளை எறிஞ்சிட்டன், தம்பி. வீடு விக்கப்போறன், எல்லாத்தையும் கழுவி வை எண்டு சின்யோரா சொன்னவ. பிழையோ?"

"ஓம், அக்கா. இந்தக் கல்லுகளை வைச்சு அங்கை ஆர் இருந்தவை, எப்பிடி இருந்தவை எண்டு இனிச் சொல்லேலாது. இனி இது வெறும் கல்லு."

அக்கா சின்யோரா என்று சொன்ன வீட்டுக்காரி, பேராசிரியரின் மகள், உள்ளே வருகிறாள். பைகளைப் பற்றிச் சொல்கிறேன். தோளைக் குலுக்கிவிட்டு, பிடித்ததை அப்பாவின் நினைவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூடையை என் பக்கம் தள்ளுகிறாள். கைபேசி அடிக்க, பேசிக்கொண்டே வெளியே போகிறாள்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கூடையைப் பார்க்கிறார்.

"எனக்கு இந்த மாசத்தோடை வேலை முடியுது, தம்பி. ஐயாவைக் கடைசிமட்டும் தூக்கிக் குளிப்பாட்டினது நான். அதுக்கு எனக்கும் இதிலை ஒண்டை எடுத்துக்கொண்டு போ எண்டுதான் சின்யோரா சொன்னவ."