அந்த வீட்டில் இருந்தவள்

வளைகுடா நகரமான மனாமாவில், குதைபியா பகுதியின் மாடி வீடொன்றில் இருந்தபடி, ஷம்சாத் சில வாரங்களாக ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். மகள் நஜீஹாவுக்கு அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே மாணவிகள் சங்கம் வைத்து, ஒரே வீட்டில் அக்கா தங்கைகளாக இருப்பார்களாம். அதில் சேர, முன்பு அதே சங்கத்தில் இருந்த ஒருத்தி, 'இவள் நல்லவள்' என்று கடிதம் தர வேண்டுமாம்.

"சிநேகிதம் பிடிக்கவும் பொறுப்பேத்துக்க ஒரு கஃபீல் வேணுமா?" துணிக்கடையிலிருந்து வந்த கணவர் கௌஸ் முகம்மது சிரித்தார். "இந்த ஊர்ல பிழைக்க எனக்கொரு அரபி, உன் மவளுக்கொரு வெள்ளைக்காரி!"

"சிரிங்க. அங்க அவளுக்கு யாரு இருக்கா?"

கேலியில் உண்மை இருந்தது. வாங்கிய மதிப்பெண் கல்லூரிக்குப் போதும்; பக்கத்துக் கட்டில்காரியின் சிநேகிதத்துக்குப் போதாது. பெரிய இடத்துப் பெண்களைத் தெரியாதவள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஷம்சாத்தின் ஏக்கம் வேறு. கீழக்கரையில் அவள் பெரியவளானதும் பள்ளியை நிறுத்திவிட்டார்கள். குடும்ப மானம் என்றார்கள். அந்த மானத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூடப் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாருமில்லாமல் போனது.

கடைக்கு வரும் அமெரிக்கப் பெண்களையெல்லாம் விசாரிக்கச் சொல்லிக் கணவரை நச்சரித்ததில், கடைசியில் லிண்டா கிடைத்தாள். வங்கி அதிகாரியின் மனைவி. அந்தச் சங்கத்தில் இருந்தவள்.

வெள்ளிக்கிழமை தாயும் மகளும் அவள் வீட்டுக்குப் போனார்கள். உட்கார்ந்ததும் ஷம்சாத் நஜீஹாவின் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். லிண்டா விழித்தாள்.

"உம்மா, ப்ளீஸ்! எடுங்க."

"நமக்குப் பொறுப்பு ஏத்துக்கிறவங்க கையிலதானே பாஸ்போர்ட் இருக்கணும்? வாப்பாவோடது அந்த அரபி கஃபீல்கிட்டதானே இருக்கு?"

உம்மா சொன்னதை நஜீஹா தலைகுனிந்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். லிண்டாவின் முகம் சிவந்தது. பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தாள். "எனக்கு இது வேண்டாம். உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள், போதும்."

ஷம்சாத் கொட்டித் தீர்த்தாள். தன் புகழைத் தன் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டியிருந்த நஜீஹா பாதியை விழுங்கினாள்.

"முழுசா சொல்லுடி!"

லிண்டா சிரித்துவிட்டாள். கடிதம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

"போகலாம் உம்மா."

ஷம்சாத் எழுந்திருக்கவில்லை. "கேளு. அந்த வீட்டுல எல்லாரும் சேந்து என்ன பண்ணுவாங்களாம்?"

லிண்டா சாய்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒருத்தி சட்டையை இன்னொருத்தி போட்டுக்கொண்டது, அதற்கு வந்த சண்டை, ஒருத்தி அழுதால் எல்லோரும் அவள் கட்டிலில் ஏறிக்கொண்டது.

"அப்புறம்?" என்றாள் ஷம்சாத், மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்.