ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்திய பிக்கப்

அந்த ஒக்டோபரில் இரண்டு சனிக்கிழமைகள் நான் தூங்கவில்லை. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் வாசலில் ஒரு பழைய ஜப்பானியப் பிக்கப் நிற்கும். உள்ளே என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரர் இருப்பார். ஊரில் நெல் லொறி ஓட்டியவர், அதைத் திருத்தியும் பழகியவர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தி எடுத்தவன். அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். வயது வித்தியாசம் ஏழு.

பிக்கப்பை உயர்த்தவேண்டிய காரணம் எளிமையானது. சவர்லாந்து மலைச்சரிவில் கிறிஸ்மஸுக்கு விற்கும் நத்தார் மரங்கள் வளர்க்கும் ஒருவர் அண்ணைக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். வெட்டிய மரங்களையும் கருவிகளையும் காட்டுப் பாதையில் ஏற்றி இறக்க வேண்டும். பிக்கப் நல்லது, ஆனால் அடிவயிறு கல்லில் இடிக்கிறது என்றார் தோட்டக்காரர். உயர்த்தி, பெரிய டயர் போட்டு, சட்டப்படி சோதனை செய்து நவம்பர் முதல் திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இல்லாவிட்டால் வேறு ஆள். அந்த ஒப்பந்தம் இருந்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்த மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம். அவருடைய அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வேலை அனுமதியும் வந்திருந்தது. இன்னும் இல்லாதது அந்த ஒப்பந்தத் தாள் ஒன்றுதான்.

எங்கள் குடியிருப்பு முற்றத்தில் வாகனம் கழற்றக்கூடாது என்று பலகை போட்டிருந்தார்கள். நகருக்கு வெளியே ஒரு விவசாயி வைக்கோல் கொட்டிலின் மூலையைப் பாவிக்க விட்டார். ஞாயிறு சத்தம் போடக்கூடாது என்பதால் சனிக்கிழமை மட்டும்.

உயர்த்தும் சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் வந்தன. நீளமான பின் ஸ்பிரிங்குகள், போல்ட்டுகள், முன்பக்கத்துக்கு வேறு கம்பிகள், நீளமான பிரேக் குழாய்கள், பதினொரு பக்கச் சான்றிதழ். அதில் எந்த நட்டை எவ்வளவு இறுக்கவேண்டும், எந்த அளவு டயர் போடலாம், முன்விளக்கை எப்படித் திரும்பச் சரிசெய்யவேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் வண்டிக்குக் கீழே கிடந்து செய்தார்.

அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. எதையும் கழற்றுமுன் வெண்கட்டியால் கோடு போடுவார். கழற்றிய நட்டுகளைப் பிஸ்கட் டின் மூடியில் கழற்றிய வரிசையிலேயே வைப்பார். துருப்பிடித்த பின் போல்ட் ஒன்று மதியம்வரை அசையவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. எண்ணெய் விட்டார், தேநீர் குடித்தார், திரும்பப் போய்ப் படுத்தார்.

“தம்பி, பேப்பரிலை எழுத்துப் பிழை பிடிச்ச கண்ணெல்லோ. உந்த நட்டுகளிலை பிழை கிடக்கோ எண்டு பாருங்கோ.”

“எனக்கு இப்ப ரெண்டு ரெண்டாத் தெரியுது, அண்ணை.”

“அப்ப நல்லது. ரெண்டு மடங்கு நட்டு இருக்கு.”

இரண்டாவது சனிக்கிழமை டயர்கள் ஏறின. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் இடது டயர் மட்கார்ட்டின் உள்விளிம்பில் உரசியது. வெட்டினால் துருப்பிடிக்கும் என்று அந்த விளிம்பைச் சுத்தியலால் மெதுவாக உள்ளே மடித்தார். பிறகு பூச்சு அடித்தார். மாலையில் நான் அளந்தேன். முன்னும் பின்னும் ஐந்து சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

சோதனைக்கான தேர்மின், அதாவது அவர்கள் குறித்துத் தந்த நேரம், அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு. இரவு வேலை முடிந்து நேரே போனேன். அண்ணையின் ஜெர்மன் மொழி கடைக்குப் போதும், சோதனை நிலையத்துக்குப் போதாது.

சோதகர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், சாம்பல் நிற மேலங்கி. சான்றிதழைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். டயர் அளவை வாசித்தார், முன்விளக்கின் ஒளியைச் சுவரில் அளந்தார், வண்டியை மேடையில் ஏற்றிக் கீழே நின்று விளக்கடித்தார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொன்னார். எங்கும் உரசவில்லை. தலையை ஆட்டினார். பிறகு பேனாவை எடுத்து, படிவத்தைப் பார்த்தபடி, பொருத்தியது யார் என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன்.

“கராஜிலை செய்தது எண்டு சொல்லுங்கோ,” என்றார் அண்ணை. யோசிக்கவே இல்லை.

ஒருவர் சொன்னதை மாற்றாமல் கொடுப்பது என் பழைய தொழில். அப்படியே சொன்னேன். சோதகர் அதை எழுதினார். பிறகு கராஜின் முத்திரை எங்கே என்று கேட்டார். கராஜ் செய்த வேலை என்றால் கராஜ் உறுதிப்படுத்தவேண்டும்.

“அந்தக் கராஜை இப்ப மூடிப் போட்டினம் எண்டு சொல்லுங்கோ.”

அதையும் சொன்னேன். சோதகர் பேனாவை வைத்தார். முத்திரை இல்லாமல் முடிக்க இயலாது, அடுத்த தேர்மின் இரண்டு வாரம் கழித்து என்றார். திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

வெளியே வந்து பிக்கப்பில் ஏறி இருந்தோம். அவர் சாவியைத் திருப்பவில்லை.

“ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“வேறை என்னத்தைச் சொல்ல?”

இரண்டு வருடத்துக்கு முன், வேலை அனுமதி வராத நாளில், எங்கள் ஆள் ஒருவரின் கராஜில் அவர் உதவிக்கு நின்றபோது பொலிஸ் வந்தது. அதன் பிறகு கடிதங்கள், விசாரணை. அன்றிலிருந்து யாராவது சீருடையோ மேலங்கியோ போட்டவர் இதை யார் செய்தது என்று கேட்டால், நான் இல்லை என்பதுதான் அவருடைய பதில். அறைக் குழாய் திருத்தியதற்குக்கூட வீட்டுக்காரரிடம் அப்படித்தான் சொன்னார்.

“இப்ப உங்களுக்கு அனுமதி இருக்கு. அதோட இது உங்கட வாகனம். சொந்த வாகனத்தை ஆரும் திருத்தலாம்.”

“எங்கை வாசிச்சனீங்கள்?”

“வாசிக்கேல்லை. பக்கத்து வீட்டுக்காரன் தங்கச்சி வீட்டை கொண்டுபோய் ஒவ்வொரு சனியும் தன்ர காரைக் கழட்டுறானெல்லோ.”

“அவன் ஜெர்மன்காரன்.”



“சரி, போய்ச் சொல்லுவம்,” என்றேன். “நீங்கள்தான் செய்தனீங்கள் எண்டு.”

“ஏலாது. ஒருக்கா ஒண்டு சொல்லியாச்சு. அந்த மனிசன் எழுதியும் போட்டார்.” அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினார். “லோயர் என்ன சொன்னவர்? முதல் சொன்னதும் பிறகு சொன்னதும் வேறையா இருந்தால் கேஸ் முடிஞ்சுது எண்டெல்லோ. எத்தினை பேரைத் திருப்பினவங்கள், வந்த திகதியை மாத்திச் சொன்னதுக்கு.”

அது உண்மை. அப்படித் திருப்பப்பட்ட இருவரை எனக்கும் தெரியும். ஆனால் இது அகதி விசாரணை அல்ல, டயர்.

நேரம் பத்தேகால். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பூட்டுவார்கள். என் கண் எரிந்தது. 

“அண்ணை, நான் நித்திரை கொள்ளவேணும். நீங்கள் சொல்லுங்கோ. உள்ளுக்குப் போவமோ, வீட்டை போவமோ?”

அவர் சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

சோதகர் இன்னொரு காரோடு நின்றார். அது முடியும்வரை நின்றோம். அவர் திரும்பியதும் நான் தயாராக வைத்திருந்த வசனத்தைத் தொடங்கினேன். அண்ணை என் கையைப் பிடித்து நிறுத்தினார். தன்னுடைய ஜெர்மனில், வினைச்சொல் ஒன்றும் சரியாக இல்லாமல், சொன்னார். கராஜ் இல்லை. நான். முன்பு சொன்னது பிழை.

சோதகர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் கராஜ் என்று சொன்னார் என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்குமுன் அண்ணை பயம் என்பதற்கான ஜெர்மன் சொல்லைச் சொன்னார்.

“என்னைக் கண்டா?” என்றார் சோதகர். 

அவர் பெருமூச்சு விட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். சொந்தமாகச் செய்யலாம், அதில் தவறில்லை, ஆனால் அப்படியென்றால் ஒவ்வொரு நட்டையும் தான் பார்க்கவேண்டும் என்றார். வண்டி திரும்ப மேடையில் ஏறியது. இறுக்கத்தை அளக்கும் நீண்ட ஸ்பானரோடு அவர் கீழே போனார். சான்றிதழில் இருந்த அளவுகளை நான் வாசித்தேன். சரியான இறுக்கம் வந்ததும் ஸ்பானர் ஒரு சிறு சத்தம் போடும். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சத்தம் வந்தது. இடது பின்பக்கத்தில் ஒன்று மட்டும் அசைந்தது, கால் சுற்று.

அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சோதகர் ஸ்பானரை அவரிடம் நீட்டினார். அண்ணை அதை வாங்கி, சத்தம் வரும்வரை இறுக்கினார். அது துருப்பிடித்த போல்ட் இருந்த இடம்.

பதினொன்று ஐம்பதுக்கு அலுவலக அறையில் சோதகர் படிவத்தை எடுத்தார். கராஜ் என்ற சொல்லைக் கோடு போட்டு வெட்டினார், மேலே உரிமையாளர் என்று எழுதினார், பக்கத்தில் சிறு கையொப்பம். முத்திரை. வார இறுதி நல்லதாக அமையட்டும் என்றார்.

அண்ணை பிக்கப்பில் இருந்து அந்தத் தாளையே பார்த்தார்.

“தம்பி, உந்த வெட்டின இடம் தெரியுதெல்லே? வெட்டு இல்லாத தாள் ஒண்டு கேட்டால் தருவினமோ?”

“தரமாட்டினம். தேவையுமில்லை.”

“பிறகு ஆரும் கேட்டால்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை தோட்டக்காரர் பிக்கப்பைச் சுற்றி நடந்தார். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அண்ணையைக் காட்டுப் பாதையில் ஒரு தடவை ஏறி இறங்கச் சொன்னார். எதுவும் இடிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒப்பந்தத்தோடு வந்து, பிக்கப்பின் முன்மூடி மேல் வைத்துக் கையெழுத்திட்டார். சோதனைத் தாளைக் கேட்கவே இல்லை.

அண்ணை அதை எடுத்து நீட்டினார். வெட்டிய இடத்தில் விரலை வைத்தார். இது பிழை, இது சரி, நான் செய்தது, என்று ஜெர்மனில் சொன்னார். தோட்டக்காரர் விளங்காமல் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை என்றேன்.

அங்கிருந்து நேரே வெளிநாட்டவர் அலுவலகம். ஒப்பந்தத்தின் பிரதியைக் கொடுத்தோம். குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு ஆறு வாரம் கழித்து ஒரு தேர்மின் தந்தார்கள். காலை எட்டு மணி. படிகளில் இறங்கும்போது அண்ணை கேட்டார்:

“நீங்களும் வருவீங்கள்தானே?”

“ஓம்.”