ஓரத்தை ஒட்டி நின்ற வரிகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் பாண்டிச்செல்வியைப் பிடிவாதக்காரி என்பார்கள். ஊர் அதைப் புகாராகச் சொல்லும். அவள் அம்மா மாடத்தி மட்டும் பெருமையாகச் சொல்வாள். செல்வி காலையில் படகேறி, பிறகு பஸ் பிடித்து, காக்கநாட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஆஸ்பத்திரி மருந்துக் கவரில் ஒட்டும் சீட்டை அச்சடிக்கிற புரோகிராம் அவள் எழுதியது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சீட்டின் வாசகம் பல வரி. புரோகிராமுக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே அப்படியே கிடக்கும். அங்கே இடது பக்கம் விடுகிற இடைவெளியும் சீட்டில் விழுந்துவிடும். அதைத் தானாகவே கழித்துவிடும் வசதி புது புரோகிராம் மொழிகளில் உண்டு; ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டரில் அது கிடையாது. அதனால் புரோகிராமின் மற்ற வரிகளெல்லாம் படிப்படியாக உள்ளே தள்ளி நிற்க, இந்த வரிகளை மட்டும் செல்வி ஓரத்தை ஒட்டி வைத்திருந்தாள். பார்க்க லட்சணமாக இல்லைதான். மருந்து சாப்பிடுகிறவர்கள் புரோகிராமையா விரித்து வைத்துப் படிக்கப்போகிறார்கள்?

டீம் லீடர் விபினுக்கு லட்சணம்தான் உயிர். மறுநாள் வாடிக்கையாளர் புரோகிராமைப் பார்க்க வருகிறார் என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வரிகளையும் அழகாக உள்ளே தள்ளிவிட்டான். செல்வி ஒரு சீட்டு அச்சடித்துப் பார்த்தாள். வாசகம் வலப்பக்கம் நகர்ந்து, ‘ராத்திரி மாத்திரை பாதி’ என்ற வரியில் ‘பாதி’ காகிதத்துக்கு வெளியே போயிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இத விடமாட்டேன், விபின் சேட்டா. பாதி மாத்திரைய முழுசா முழுங்குவாங்க.”

“ஒரு ஸ்பேஸ் காரியத்துக்கா இத்தற பஹளம், இத்தற கலாட்டா? அவங்க வந்துட்டுப் போனதும் மாத்தாம். இப்ப அப்ரூவ் பண்ணு. அடுத்த மாசம் உன் கன்ஃபர்மேஷன், ஓர்மை உண்டல்லோ?”

“நல்லா ஓர்மை உண்டு, மறக்கல. நீங்களே அப்ரூவ் பட்டன அமுக்குங்க சேட்டா. ஒங்க பேர்லயே போகட்டும்.”

விபின் மவுசைப் பிடித்தான். சீட்டைப் பார்த்தான். மவுசை விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டான்.

செல்வி வரிகளை மறுபடி ஓரத்துக்கு இழுத்தாள். அவற்றுக்கு மேலே, சீட்டில் அச்சாகாதபடி, மலையாளத்தில் ஒரு குறிப்பு எழுதினாள்: ‘உள்ளே தள்ளுமுன் ஒரு சீட்டு அச்சடித்துப் பாருங்கள்.’ கீழே தன் பெயரையும் போட்டாள்.

வந்த வாடிக்கையாளர் அந்த வரிகளைப் பார்த்து முகம் சுளித்தார். செல்வியின் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வரிகளில் மட்டும் கை வைக்கவில்லை. விபின் தயங்கித் தயங்கி வந்து, “பேரையாவது எடு, செல்வி” என்றான்.

“பேரு கிடக்கட்டும் சேட்டா. இத மாத்த யாருக்காவது கை அரிச்சா, நேரா என்னிட்ட வரட்டும்.”