கைதடி மழையில் பிளக் வயர் பார்த்த மத்தியானம்

எழுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம். என் மகள் வதனி புருஷனோடு லண்டனுக்குப் புறப்பட்ட நாள். அவள் கொக்குவிலில் மாமியார் வீட்டில் இருந்தாள். "உங்கடை காரிலைதான் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குப் போவன் அப்பா" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை தாயில்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். அந்தப் பழைய கறுப்புக் காரையும் சேர்த்தால் மூன்று.

என் வீடு இருந்த சாவகச்சேரியிலிருந்து கொக்குவில் ஏறக்குறையப் பன்னிரண்டு மைல். கொழும்பு ரயில் பிற்பகலில்தான். பதினொரு மணிக்கே காரைக் கழுவிச் சந்தனம் வைத்தேன். நல்ல காரியத்துக்குப் போகும் வண்டிக்கு அது எங்கள் வழக்கம். வதனியென்றால் முன்பக்கத்தில் ஒரு பொட்டோடு விடுவாள். எனக்கு மனம் ஆறவில்லை. பொனற்றைத் திறந்து எஞ்சின், பற்றரி, பிளக் வயர்கள் எல்லாவற்றிலும் குழைத்துப் பூசினேன். புத்தி எங்கே போனதோ!

கைதடியில் மழை பிடித்தது. ரோட்டு வெள்ளத்தில் இறங்கி ஏறியதும் கார் இருமத் தொடங்கியது. மாட்டு வண்டி ஒன்று என்னை முந்திப் போனது. ஓரமாக நிறுத்தினேன்.

பிளக் வயரில் மின்சாரம் கசிந்தால் இருட்டில் நீலப் பொறி தெரியும். பகலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பார்க்கலாம். ஆனால் ஒருவர் அக்சிலேற்றரை மிதிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அது வதனியின் வேலை. சாக்குக்குள் தலையை விட்டுப் பழக்கதோஷத்தில் "வதனி, மிதி" என்றேன். மழைதான் பெய்துகொண்டிருந்தது. வெட்கம் என்ன, அழுதேன்.

வெகுநேரம் கழித்து மீன் கூடையோடு ஒருவர் சைக்கிளில் வந்தார்.

"தம்பி, ஒருக்கா ஏறி உந்த அக்சிலேற்றரை மிதிக்கிறியளோ?"

"மீன் கையோடை எப்பிடி ஐயா ஏறுறது?"

"அது கழுவலாம். மகள் வெளிநாடு போறாள், ரயிலுக்கு நேரமாச்சு."

மழையில் கையைக் கழுவிவிட்டு ஏறி மிதித்தார். மூன்றாவது வயரில் நீலப் பொறி துள்ளியது. வயரில் வெடிப்பு, அதன்மேல் ஈரச் சந்தனம்.

"இதென்ன ஐயா, கோயிலோ?" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தார். தன் பையிலிருந்து சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றும் தந்தார். துடைத்துச் சுற்றினேன். கார் நன்றாகவே ஓடியது. ஆனால் ரயில் வெளிக்கிடும் நேரம் வந்துவிட்டது. யாழ்ப்பாணம் போய்ப் பலனில்லை. கொழும்பு ரயில் சாவகச்சேரியிலும் நின்றுதான் போகும்; காரைத் திருப்பி அந்த ஸ்ரேசனுக்கு விட்டேன்.

நான் ஓடிப்போகவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. வதனி யன்னலால் பாதி உடம்பு வெளியே தெரிய என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்தாள். அதில் கிறீசும் சந்தனமும்.

"எஞ்சினுக்கும் பூசினனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"பொறி பாத்தனீங்களோ? ஆர் மிதிச்சது?"

"மீன்காரத் தம்பி ஒருத்தர்."

ரயில் நகர்ந்தது. "இனி ஆர் அப்பா மிதிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பழைய காரில் மாரி காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் சந்தனத்தைப் பொனற்றுக்கு வெளியே வையுங்கள். ஒரு சாக்கும் ரியூப் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே மிதிக்க ஒரு ஆள். சாக்கும் ரியூப்பும் என் காரில் எப்போதும் கிடந்தன.